வகுப்பில் தும்மியவள்

எங்கள் வகுப்பு மறுபடி ஒன்றுகூடுவதற்காக நாங்கள் ஒரு மாதம் விழுந்து விழுந்து படித்தோம். பொதுத்தேர்வுக்குக்கூட அப்படிப் படித்தவர்கள் இல்லை. பாடத்தைப் பங்கு போட்டுக்கொண்டோம். ஆண்டு விழாவில் நடந்த குளறுபடிகள் ஆசிக்குக்கு. கலைவாணி மிஸ்ஸை வகுப்பே சேர்ந்து ஏமாற்றிய கதைகள் கிருத்திக்குக்கு. நிவேதினிக்கு உயிர்த்தோழியாக இரண்டு வருடம் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கதை எனக்கு. அந்த நிவேதினியை நான் நேரில் ஒரு தடவைகூடப் பார்த்தது கிடையாது.

கடையில் உட்கார்ந்து பழைய வகுப்புப் பதிவுகளை ஓடவிட்டுக்கொண்டிருந்தபோது அப்பாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. எங்களுடையது உடுமலையில் மோட்டார் காயில் கட்டும் கடை. சுற்றுப்பட்டுத் தோட்டங்களில் கிணற்று மோட்டார் புகைந்தால் எங்களிடம்தான் வரும். முன்பு அப்பா கட்டினார், இப்போது நான் கட்டுகிறேன், அவர் நாற்காலியில் உட்கார்ந்து குறை சொல்கிறார். திரையில் பதினாறு வயது இலக்கியா, அதாவது நான், ரெட்டைச் சடையோடு எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தேன்.

"இது எப்பப் புள்ள எடுத்தது? அந்தக் காய்ச்சல் வருசத்துல நீ சிரிச்சு நான் பார்க்கலையே."

"அது நானில்லைங்ப்பா. என்ற ப்ராக்ஸி."

அப்பாவும் ஒரு பெருந்தொற்றைப் பார்த்தவர்தான். அவர் பத்தாவது படிக்கும்போது வந்த தொற்றில் பரீட்சை எழுதாமலே தேறிய 'ஆல் பாஸ்' கோஷ்டி அவர். அதை யாராவது சொல்லிக் காட்டினால் இன்றைக்கும் முகம் சுருங்கிவிடும். அவருக்குத் தெரிந்த ப்ராக்ஸி, கல்லூரியில் வராத நண்பனுக்காகக் குரலை மாற்றி 'பிரசன்ட் சார்' சொல்வது. எனக்குப் பதினாறு வயதில் வந்த தொற்று அதைவிடப் பெரியது, பள்ளிக்கூடம் மூடியே கிடந்தது இரண்டு வருடம். எங்களுடைய ப்ராக்ஸி வேறு சமாச்சாரம்.

"பள்ளிக்கூடமே கொடுத்ததுங்ப்பா. காய்ச்சல்ல படுத்தாப் பாடம் விட்டுப் போகக்கூடாதுன்னு. ஒரு வாரம் அதுகிட்டப் பேசிட்டிருந்தாப் போதும். நம்ம மூஞ்சி, குரல், நாம கேட்கற குறுக்குக் கேள்வி எல்லாத்தையும் கத்துக்கும். நமக்குப் பதிலா ஆன்லைன் வகுப்புல உட்காரும். சாயந்திரம் நாம திறந்தா அன்னிக்கு நடந்ததை நமக்குச் சொல்லிக் கொடுக்கும்."

"காய்ச்சல் வந்தாத்தானே?"

"வராமயும் விட்டோம்."

"எத்தனை பேரு?"

"நிவேதினி ஒருத்தியைத் தவிர எல்லாரும்."

அப்பா வாத்தியார்களாவது இருந்தார்களா என்று கேட்டார். கலைவாணி மிஸ்ஸும் இரண்டாவது வருடத்தில் ப்ராக்ஸியை விட்டுவிட்டு, மாமியாருக்குப் படுக்கை தேடி ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்துகொண்டிருந்தார் என்று சொன்னேன். அதுவும் எங்களுக்குப் பின்னால்தான் தெரிய வந்தது. ஆக, பாடம் நடத்தியது ப்ராக்ஸி, கேட்டது ப்ராக்ஸி, சிரித்தது ப்ராக்ஸி. ஆண்டு விழாவில் ஆடியதும் பாடியதும் ப்ராக்ஸிகள். அத்தனைக்கும் நடுவில் உயிரோடு ஒரு பெண், எல்லோரும் இருக்கிறார்கள் என்று நம்பிக்கொண்டு.

பதினெட்டு வருடம் கழித்து அவளிடமிருந்து எல்லோருக்கும் செய்தி வந்தது. நம்ம வகுப்பை ரொம்பத் தேடுது, பழைய பள்ளிக்கூடத்திலேயே ஒரு நாள் கூடலாமா என்று கேட்டிருந்தாள். ஆசிக் இந்தி மிஸ் மாதிரிப் பேசிக்காட்டியது, கிருத்திக் காதல் கவிதையை வகுப்புச் சாட்டில் தவறிப்போய் அனுப்பியது என்று ஒவ்வொன்றாக எழுதியிருந்தாள். கடைசியில், 'இலக்கியா இல்லைன்னா நான் அந்த ரெண்டு வருசத்தைத் தாண்டியிருக்க மாட்டேன்' என்று ஒரு வரி.

நிவேதினி இல்லாமல் நாங்கள் ஒரு குழு தொடங்கினோம். ஆசிக்தான் முதலில் பேசினான். நிவேதினியுடைய அம்மா அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ், மாதக்கணக்கில் வீட்டுக்கே வர முடியவில்லை. அவள் அப்பா மஸ்கட்டில் மாட்டிக்கொண்டார். வீட்டில் அவள் தனியாக இருந்திருக்கிறாள், எங்கள் வகுப்புதான் துணை. அது வெறும் பொம்மை வகுப்பு என்று இப்போது சொன்னால் அவளுக்கு என்ன மிஞ்சும் என்று கேட்டான். அதனால் போவது, ஞாபகம் இருப்பதாக நடிப்பது என்று முடிவானது. பதிவுகளைத் தேடி எடுத்துப் பங்கு பிரித்துக்கொண்டோம்.

மற்றவர்களுக்கு வகுப்பு நேரம் முழுக்கப் பதிவாக இருந்தது. என் நிலைமைதான் மோசம். நானும் நிவேதினியும் பேசியதெல்லாம் மதிய இடைவேளையில். இடைவேளைப் பேச்சைப் பதிவு செய்யக்கூடாது என்று விதி. என் பாடத்துக்கு மட்டும் புத்தகமே இல்லை.

இன்னொரு சங்கடமும் இருந்தது. எனக்கு என் ப்ராக்ஸி மேல் பொறாமையாக இருந்தது. பதினாறு வயதில் எங்கேயோ நான் அவ்வளவு நல்லவளாக, அவ்வளவு கலகலப்பாக இருந்திருக்கிறேன், ஒருத்தியைத் தாங்கிப் பிடித்திருக்கிறேன். அந்த நேரத்தில் நிஜ இலக்கியா கடைக்குப் பின்னால் இருந்த அறையில் திரையை இழுத்துவிட்டுக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

சோம்பேறித்தனம் என்று அம்மா நினைத்தார். போன் பைத்தியம் என்று மாமா சொன்னார். எனக்குப் போனைத் தொடவே பிடிக்கவில்லை. தலை சீவப் பிடிக்கவில்லை, சோற்றைப் பார்த்தால் அலுப்பாக இருந்தது. ஆரம்பத்தில் வாரம் ஒருமுறையாவது ப்ராக்ஸியைத் திறந்து பாடம் கேட்டேன். அப்புறம் அதையும் விட்டேன். சாக வேண்டும் என்று நான் சொல்லிக்கொண்டதில்லை, நாளைக்கு விழிக்காமல் இருந்தால் தேவலை என்று மட்டும் நினைப்பேன். அந்த நினைப்பு நாளுக்கு நாள் கிட்டத்தில் வந்துகொண்டிருந்தது.

எங்கள் வகுப்பில் முகிலன் என்று ஒருவன் இருந்தான். அவன் இரண்டாவது வருட மழைக்காலத்தில் தன் உயிரைத் தானே போக்கிக்கொண்டான். அவன் போன பிறகும் சில நாள் அவனுடைய ப்ராக்ஸி வகுப்புக்கு வந்து 'பிரசன்ட் மிஸ்' சொல்லிக்கொண்டிருந்தது. அதை நிறுத்த வேண்டும் என்று அவன் வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை, அவர்களுக்கு எப்படித் தோன்றும்? எனக்கு அவன் செத்த விஷயமே அப்போது தெரியாது.

என்னை எழுப்பியது ஒரு வாடிக்கையாளர். கடையில் அப்பா பிடிவாதமாக வைத்திருந்த லேண்ட்லைன் ஒன்று உண்டு. கடை மூடிக்கிடந்த அந்த நாட்களில் அது ஒரு மத்தியானம் விடாமல் அடித்தது. அம்மாவும் அப்பாவும் ரேஷன் கடையில் நின்றார்கள். எரிச்சலோடு எழுந்து போய் எடுத்தேன்.

"ஏனுங்க, காயில் கட்டுற கடைங்களா?" ஒரு பெண் குரல், இழுத்து இழுத்துத் தோட்டத்துப் பேச்சு. கடை லீவுங்க என்று வைக்கப் போனேன். "வெச்சிராதீங்க, எங்க மோட்டார் ஓடமாட்டேங்குதுங்க" என்றது. அப்பா வந்ததும் கேட்டுச் சொல்கிறேன், நாளைக்குக் கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டேன். சொன்னதால் கேட்க வேண்டியிருந்தது. கேட்பதற்காக அறையை விட்டு வெளியே வந்து அப்பாவோடு பேச வேண்டியிருந்தது. மோட்டார் உறுமுதா, சத்தமே இல்லையா என்று முதலில் கேட்டு வை என்றார் அப்பா.

மறுநாள் கேட்டேன். உறுமுதுங்க என்றாள். அப்படியென்றால் ஒரு ஃபேஸ் வராது, ஃபியூஸைப் பார்க்கச் சொல் என்றார் அப்பா. ஃபியூஸ் சரியாக இருந்தது. அடுத்த நாள் ஸ்டார்ட்டர். அதற்கடுத்து பேரிங். நேரில் போய்ப் பார்த்துவிடலாம் என்று அப்பா ஊர்ப் பெயரைக் கேட்கச் சொன்னால், ஊரை அடைத்துவிட்டார்கள், யாரும் உள்ளே வர முடியாது என்பாள். அவள் பெயர் பூங்கொடியாம். மோட்டாரில் ஆரம்பித்த பேச்சு தென்னைக்குத் தண்ணி இல்லாததற்குப் போகும், நான் என்ன சாப்பிட்டேன் என்பதற்கு வரும். சாப்பிடவில்லை என்றால் வைக்க மாட்டாள். ஒரு தடவை, எனக்கு எதுக்குமே பிடிப்பில்லைங்க என்று அவளிடம் சொல்லி அழுதேன். அம்மாவிடம்கூடச் சொல்லாததை முகம் தெரியாதவளிடம் எப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் புரியவில்லை. அவள் கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு, நாளைக்கும் கூப்பிடுவேன், எடுப்பீங்களா என்று கேட்டாள். எடுக்கிறேன் என்றேன். ஃபோனை வைத்ததும் அம்மாவைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொல்லுங்கள் என்றாள். சொன்னேன். அதன் பிறகுதான் அம்மா என்னை டாக்டரிடம் கூட்டிப்போனார்.

பூங்கொடியின் கேள்விகளுக்குப் பதில் சொல்வதற்காகவே பழைய மோட்டார் ஒன்றைப் பிரித்துப் பார்க்க ஆரம்பித்தேன். செம்புக் கம்பியைச் சுற்றி வார்னிஷில் முக்கி எடுக்கும் வேலையில் கை வந்தது. ஊரடங்கு தளர்ந்த ஒரு நாள் அப்பாவோடு பைக்கில் ஒரு தோட்டத்துக்குப் போய், நானே கட்டிய மோட்டாரைப் பொருத்திவிட்டு வந்தேன். அன்றைக்கு மத்தியானம் அதைப் பூங்கொடியிடம் பெருமையாகச் சொன்னேன். "எங்குளுதும் ஓடிருச்சுங்க. தண்ணி வந்துருச்சு" என்றாள். அப்புறம் அவள் கூப்பிடவே இல்லை. எனக்கு அது பெரிய துக்கமாக இருந்தது. இன்றைக்கும் வார்னிஷ் வாசம் வந்தால் அந்த மத்தியானங்கள்தான் ஞாபகம் வரும். எல்லோருக்கும் பள்ளி நாட்கள் என்று ஒன்று உண்டு, எனக்கு இருந்தது பூங்கொடியின் மோட்டார் மட்டும்தான்.

ஒன்றுகூடும் நாள் ஞாயிற்றுக்கிழமை. பூட்டிக்கிடந்த பன்னிரண்டாம் வகுப்பு அறையைத் திறந்துவிட்டிருந்தார்கள். நாங்கள் ஒருவரும் அந்த அறையில் உட்கார்ந்து படித்ததில்லை. இருந்தும் ஆசிக் நேராக மூன்றாவது பெஞ்சுக்குப் போய், "நம்ம இடம்" என்று தட்டினான். பதிவுகளில் வகுப்பு பெஞ்சு பெஞ்சாகத் தெரியும், அவன் மூன்றாவது வரிசை. நல்ல மாணவன்.

நிவேதினி வந்தாள். ஒல்லியாக, கண்ணாடி போட்டுக்கொண்டு, காதோரம் கொஞ்சம் நரையோடு. அவளும் இப்போது நர்ஸ், மஸ்கட்டில் இருந்து போன மாதம்தான் திரும்பியிருந்தாள். வாசலில் நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். என்னிடம் வந்ததும் கையைப் பிடித்துக்கொண்டாள், விடவில்லை.

முதலில் முகிலனுக்காக எழுந்து நின்றோம். பிறகு கதைகள் ஆரம்பித்தன. கிருத்திக் தன்னுடைய கவிதைக் கதையை வெட்கப்பட்டுக்கொண்டே சொன்னான். கூட்டத்தில் நாலு வார்த்தை பேச அவனுக்கு இன்றைக்கும் வராது, அந்த இரண்டு வருடம் அவனுக்கு விட்டுப்போனது அப்படி. ஆனாலும் மனப்பாடம் செய்ததைத் தவறில்லாமல் ஒப்பித்தான். ஆசிக் இந்தி மிஸ் மாதிரிப் பேசிக்காட்டினான். எல்லோரும் சிரித்தோம். சிரிக்கச் சிரிக்க எனக்கு ஏதோ நிஜமாகவே ஞாபகம் வருவது போல இருந்தது. நடக்காத நாட்களுக்காக மனசு ஏங்குமா? எனக்கு ஏங்கியது. இந்தப் பெஞ்சில் உட்கார்ந்து இவர்களோடு சண்டை போட்டிருக்கலாம், டிபன் பாக்ஸைப் பிடுங்கித் தின்றிருக்கலாம்.

நிவேதினி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையில் இருந்த பிரியத்தை என்னால் தாங்க முடியவில்லை. எனக்குச் சேராததை நான் வாங்கிக்கொண்டிருந்தேன். எல்லோரும் சேர்ந்து செய்த முடிவை நான் ஒருத்தி உடைக்கலாமா என்று யோசித்தேன். உடைத்தால் அவளிடம் இருப்பது போய்விடும். உடைக்காவிட்டால் வாழ்நாள் முழுக்க அவளிடம் நடிக்க வேண்டும். கை கழுவலாம் வா என்று அவளைக் குழாயடிக்குக் கூட்டிப்போனேன்.

"நிவி, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். கோவிச்சுக்காத. அந்த ரெண்டு வருசம் உன் பக்கத்துல இருந்தது..."

"நீயில்லை. தெரியும்" என்றாள்.

குழாயை மூடினேன். அவள் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"யார் சொன்னது?"

"உன்ற ப்ராக்ஸிதான். முகிலன் போனதுக்கு அடுத்த வாரம், சாப்பாட்டு நேரத்துல. 'நிவி, இந்த வகுப்புல தும்முறது நீ ஒருத்திதான்'னு சொல்லுச்சு."

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. ப்ராக்ஸிகள் தும்முவதில்லை. எங்களிடமிருந்து எல்லாவற்றையும் கற்றுக்கொண்ட அவற்றுக்கு அதை மட்டும் சொல்லிக் கொடுக்காமல் விட்டிருந்தார்கள், தும்மல் சத்தம் கேட்டாலே பள்ளிக்கூடம் நடுங்கிய காலம் அது.

"மத்தவங்க எல்லாம் தன்னைய மாதிரிதான்னு சொல்லுச்சு. அழ ஆரம்பிச்சேன். அதுக்குள்ள அது, 'அழறதுக்கு அப்புறம் நேரம் இருக்கு, முதல்ல எனக்கு ஒரு உதவி பண்ணு'ன்னுச்சு. 'தினமும் சாயந்திரம் அவளுக்குப் பாடம் சொல்லக் காத்துட்டு இருக்கேன், அவ என்னைத் திறந்து ரொம்ப நாளாச்சு. முகிலனோட ப்ராக்ஸியும் இப்படித்தான் காத்துட்டிருந்துச்சு. எனக்குப் பயமா இருக்கு. மிஸ்கிட்டச் சொன்னேன். மிஸ்ஸும் ப்ராக்ஸி. குறிச்சுக்கிட்டேன், நன்றின்னு சொல்லிட்டாங்க. அவ கதவைத் தட்ட எனக்குக் கையில்லை, உனக்கு இருக்கு'ன்னு சொல்லி ஒரு நம்பர் கொடுத்துச்சு."

"என்ன நம்பர்?"

நிவேதினி என் முகத்தைப் பார்த்தாள். பிறகு குரலை மாற்றி, இழுத்து, "ஏனுங்க, காயில் கட்டுற கடைங்களா?" என்றாள்.

நான் குழாய்த் திட்டில் உட்கார்ந்துவிட்டேன். அழுகையா சிரிப்பா என்று தெரியாமல் ஏதோ ஒன்று வந்தது. "அப்ப உங்க தோட்டம்?" என்று கேட்டேன், வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை.

"எங்களுக்கு ஏது தோட்டம்? காந்திநகர்ல ரெண்டாவது மாடி, வாடகை வீடு. யாரு எடுப்பாங்களோன்னு தோட்டத்துப் பேச்சுப் பேசினேன், நீ எடுத்தா என்ற பேரைச் சொல்லலாம்னு இருந்தேன். நீ எடுத்த எடுப்புல கடை லீவுன்னே. வகுப்புலருந்து பேசறேன்னா நீ வச்சிருவியோன்னு பட்டுச்சு. மோட்டார்னு வாய்ல வந்துருச்சு. அப்புறம் தினமும் ராவெல்லாம் மோட்டாரைப் பத்திப் படிச்சேன். அன்னிக்குப் படிச்ச படிப்புல எனக்கும் தனியா இருக்கறது மறந்துபோச்சு."

அவளுடைய செய்தியில் 'இலக்கியா இல்லைன்னா' என்று இருந்த கடைசி வரி என்னைச் சொன்னதுதான் என்று இப்போதுதான் விளங்கியது. பள்ளி முடிந்ததும் ப்ராக்ஸிகளை அழித்துவிட்டார்கள். என்னுடையதை நான் கடைசிவரை திறந்து பார்க்கவில்லை. எனக்காகப் பயந்தது அது ஒன்றுதான், அதற்கு ஒரு நன்றி சொல்ல இப்போது வழியில்லை. அதை நிவேதினியிடம் சொன்னேன். அதுவும் நீதானே, உன்னைப் பார்த்துக் கத்துக்கிட்டதுதானே என்றாள்.

"எல்லாம் தெரிஞ்சும் எதுக்கு எங்களை வரச் சொன்னே?"

"அதுங்களை எல்லாம் எனக்கு அவ்வளவு புடிக்கும். யாரைப் பார்த்து அப்படி ஆச்சுங்களோ, அவங்களைப் பார்க்கணும்னு ஆசையா இருந்துச்சு."

உள்ளே போய் உண்மையைச் சொல்லிவிடலாமா என்று கேட்டேன். அவள் வேகமாக மறுத்துத் தலையாட்டினாள்.

"வேண்டாம் புள்ள. பாவம், எல்லாரும் எவ்வளவு படிச்சுட்டு வந்திருக்காங்க."

திரும்பி வந்தோம். ஆசிக் ஆண்டு விழா மேடையில் தான் வசனம் மறந்த கதையை ஆரம்பித்திருந்தான். "நிவேதினி, உனக்கு ஞாபகம் இருக்கா?" என்று கேட்டான். நல்லா ஞாபகம் இருக்குது, மேல சொல்லு என்றாள். அவன் முகம் பூரித்துப்போனது. நான் நான்காவது பெஞ்சில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். கிருத்திக் கரும்பலகையைத் துடைத்து எங்கள் வகுப்பின் பெயரை எழுத ஆரம்பித்தான், பல நாள் சுண்ணாம்புத் தூசி கிளம்பியது.

எனக்கு அடக்க முடியாமல் ஒரு தும்மல் வந்தது.

நிவேதினி முன்னால் பார்த்தபடியே, என் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "பிரசன்ட்" என்றாள்.